நூத்துக்கு ரெண்டு கம்மி

லெம்பி ஐஸ்கிரீம் வாளியின் மூடியைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலில் சாய்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்த ரெய்னோவுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, கோட்டு மேல வெட்டு. உன் இஷ்டத்துக்குப் போகாத."

"இது கோடாடா? கோழி கிளறுன மாதிரி இருக்கு."

"என் கை நடுங்குது. அப்ப கோடும் நடுங்கத்தான் செய்யும். நடுவுல பிடிச்சுப் போ."

அவள் நடுவில் பிடித்துப் போனாள். பல் மருத்துவர் ஒருவரின் முன்னறையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களுக்கெல்லாம் நாள் குறித்துக் கொடுத்து ஓய்வு பெற்றவள் லெம்பி. எழுபது வயதில் தம்பியின் ரிமோட் காருக்கு, மூக்குக்கு அடியில் ஒட்ட ஒரு மோவாய் செய்துகொண்டிருப்போம் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள். மூடியிலிருந்து வெட்டி எடுத்த துண்டு பிறை நிலா மாதிரி வந்திருந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். ரெய்னோ ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

"பரவாயில்ல. உனக்குப் போய் இது வருதே."

கார் அவள் மடியில் இருந்தது. ஒரு முழ நீளம், நீல நிறம், தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. வசந்த காலத்தில் அவள் டுலூத் நகரத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியபோது இதே கார் சாப்பாட்டு மேசையில் சக்கரமில்லாமல் கிடந்தது. தம்பிக்குக் கணையத்தில் புற்றுநோய், அறுவைக்கு வழியில்லை என்று கேள்விப்பட்டுத்தான் வந்தாள். வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, அந்த மேசையில மட்டும் கை வைக்காத."

ரெய்னோ பள்ளிப் பேருந்து ஓட்டியவன். அந்த ஏரிக்கரை ஊரில் பாதிப் பேர் அவன் வண்டியில் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க, பனியோ வெயிலோ, ஆமை வேகத்தைத் தாண்டாத மனுஷன். பின் இருக்கைப் பயல்கள் "வேகமா, வேகமா" என்று கத்தினால் வேண்டுமென்றே இன்னும் மெதுவாகப் போவான். ஓய்வு பெற்ற மறுவாரமே இந்தக் காரை வாங்கினான். மணிக்கு நூறு மைல் வேகத்தில் அதை நேர்கோட்டில் ஓட்டிவிட வேண்டும் என்பது அவன் பிடிவாதம். எண்பதைத் தொட்டதுமே கரணம் அடிப்பது காரின் பிடிவாதம்.

அன்று காலையிலும் அடித்தது. புது மருந்தில் இரண்டு நாளாக மயங்கிக் கிடந்தவன், சனிக்கிழமை விடிந்ததும் கண்ணைத் திறந்து, கஞ்சி கேட்டு, இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டு, "இன்னைக்கு ஓட்டிரலாம்" என்றான். வீட்டுக்கு முன்னால் ஏரியை ஒட்டிப் போகும் சாலைக்கு அந்தக் கோடையில்தான் புதுத் தார் போட்டிருந்தார்கள். கண்ணாடி மாதிரி வழவழப்பு. முன்னறையின் பெரிய ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த மருத்துவமனைக் கட்டிலில் இருந்து பார்த்தால் அரை மைலுக்குச் சாலை தெரியும். கார் வந்தது, ஜன்னலுக்கு நேரே மூக்கைத் தூக்கியது, காற்றில் இரண்டு சுற்று சுற்றி ஏரிக்கரைக் கோரைக்குள் போய் விழுந்தது. லெம்பி தம்பியின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி எடுத்துவந்தாள். அவள் சேற்றோடு கரையேறி வந்த கோலத்தைப் பார்த்து ரெய்னோ இருமல் வரும்வரை சிரித்தான்.

அவளை இறக்கவேண்டிய அவசியமே இருந்திருக்காது. வாசற்படியிலேயே டெல்மர் உட்கார்ந்திருந்தான். ரெய்னோவின் உயிர் நண்பன், தாடிக்காரன், தண்ணீருக்கு அஞ்சாதவன். ஆனால் டெல்மர் காரைத் தொடக்கூடாது. அவன் எதிர்க்கட்சி.

பந்தயம் ஆகஸ்ட் மாதம் போட்டது. இனி நாள் அதிகமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம், இருவரும் பீரை முன்னால் வைத்துக்கொண்டு, தாங்கள் இதுவரை போட்டதிலேயே பெரிய பந்தயத்தைப் போட்டார்கள். கார் கவிழாமல் நூறு மைலைத் தொட்டால், டெல்மர் கல்யாணத்துக்குக்கூட எடுக்காத தன் தாடியை மழித்துக்கொண்டு சாவுக்கு வரவேண்டும். தொடாவிட்டால், ரெய்னோ சவப்பெட்டிக்குள் விஸ்கான்சின் கால்பந்து அணியின் பச்சை மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கவேண்டும். டெல்மர் பிறந்தது பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில்; கால்பந்தில் இரண்டு மாநிலத்துக்கும் பரம்பரைப் பகை. மினசோட்டாவில் பிறந்த ஒருவன் அந்தத் தொப்பியோடு மண்ணுக்குள் போவதைவிட, அம்மணமாகப் போகலாம்.

இந்த விஷயம் தெரிந்த அன்று லெம்பி இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டினாள். செத்த வீட்டில் நாலு பேருக்கு நடுவே நிற்கப்போகிறவள் அவள்தானே. தொப்பி போட்ட பிணத்தோடு சர்ச்சில் நிற்க தன்னால் முடியாது என்றாள். "அப்ப நான் ஜெயிக்கிறதுக்கு வழி பண்ணு" என்றான் தம்பி. இப்படித்தான் மெக்கானிக் ஆனாள்.

கொசுவலைக் கதவுக்கு வெளியே இருந்து டெல்மர் குரல் கொடுத்தான். "மூக்குக்கு வெயிட் வச்சீங்களா அக்கா?"

"அவன்கிட்டப் பேசாத," என்றான் ரெய்னோ. "வேவு பாக்குறான்."

நடந்தது இதுதான் என்று ரெய்னோ அவளுக்கு விளக்கினான். வேகம் ஏற ஏற மூக்குக்கு அடியில் காற்று புகுந்து தூக்குகிறது. மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் உடம்புக்குள் புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல், விரித்த குடையைப் போலப் பின்பக்கத்தில் தங்கிக்கொள்கிறது. ஆக, மோவாயைத் தரையோடு ஒட்டவேண்டும். முன் ஸ்பிரிங்குகளைத் தணித்து மூக்கு கொஞ்சம் குனிந்தாற்போல நிற்க வைக்கவேண்டும். பின்பக்கத்தில் ஓட்டை போடவேண்டும். ஓட்டை என்றதும் லெம்பிக்கு மனசு வரவில்லை. போன குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து அவன் அடித்த நீலப் பெயிண்ட்.

"நல்ல பொருள்ல ஓட்டை போடச் சொல்றியே."

"எனக்கும்தான் நாலு ஓட்டை போட்டிருக்காங்க. நான் ஏதாவது சொன்னேனா?"

அவள் போட்டாள். மூக்குக்குள் தூண்டில் ஈயக் குண்டுகளை வரிசையாக ஒட்டினாள். முன் சக்கரங்கள் மட்டும் தனியாகப் பிய்த்துக்கொண்டு சுற்றாமல் இருக்க நடுப் பல்சக்கரப் பெட்டியில் கெட்டி எண்ணெய் ஊற்றவேண்டும் என்றான். அது தேனைவிடக் கெட்டியாக இருந்தது. ஊற்றினால் விழவில்லை. கடைசியில், அவனுக்கு வாய் வழியாக மருந்து கொடுப்பதற்கென்று வந்திருந்த ஊசியில்லாத சிரிஞ்சுகளில் புதிதாக ஒன்றைப் பிரித்து, அதில் உறிஞ்சி விட்டாள். விட்டதும் அந்த சிரிஞ்சின் மேல் சிவப்புப் பேனாவால் கார் என்று எழுதினாள்.

"எழுதாட்டி என்ன," என்றான் ரெய்னோ, "மாத்திக் கொடுத்தா நானும் நேராப் போவேன்."

மதியம் நர்ஸ் ஜோலீன் வந்தாள். வாரம் மூன்று தடவை வருகிற பெண். வழக்கம்போல ரெய்னோவின் கையைப் பிடித்து, இன்று முகம் தெளிவாக இருக்கிறது, ரொம்ப நன்றாக இருக்கிறீர்கள் என்றாள். போர்வையை விலக்கி முழங்கால்களைப் பார்த்தாள். திரும்பப் போர்த்தினாள். பிறகு சமையலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, லெம்பியிடம் தணிந்த குரலில், முழங்கால் தோல் நீலம் பாரித்திருப்பதைச் சொன்னாள். இந்தத் தெளிவு சில பேருக்குக் கடைசியில் வரும் என்றாள். இன்றைக்கோ நாளைக்கோ.

லெம்பி கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். "நர்ஸ் என்ன சொல்லுது?" என்று கேட்டான் தம்பி.

"நல்லா இருக்கியாம். கிறிஸ்துமஸுக்கு எழுந்து நடப்பியாம்."

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

ஓட்டத்துக்கு ஜோலீனும் உதவ வேண்டியிருந்தது. சாலையின் ஒரு முனையில் டெல்மர் தன் டிரக்கைக் குறுக்கே போட்டான். மறுமுனைக்கு வேறு வண்டி இல்லை. அடுத்த நோயாளி காத்திருப்பதாகவும், இது தன் வேலையில் சேராது என்றும், தான் எதையும் பார்க்கவேயில்லை என்றும் சொல்லிக்கொண்டே ஜோலீன் தன் வெள்ளைக் காரைக் கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தினாள். நிறுத்திவிட்டு வண்டியின் கூரைமேல் முழங்கையை ஊன்றி நன்றாகவே பார்த்தாள்.

ஜன்னலின் கொசுவலையைக் கழற்றியாயிற்று. செப்டம்பர் கடைசிக் காற்று சில்லென்று உள்ளே வந்தது. லெம்பி தலையணைகளை அடுக்கித் தம்பியை நிமிர்த்தி உட்கார வைத்தாள். ரிமோட் துப்பாக்கி மாதிரி இருக்கும். விசையை அழுத்தினால் வேகம், பக்கத்தில் உள்ள சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் திசை. விசையை அவன் விரல் தாங்கும். சக்கரத்தை அவனால் பிடிக்க முடியவில்லை. பிடித்தால் நடுக்கம் காருக்குப் போய்விடும். அதனால் காலையில் போலவே லெம்பி கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு விரலால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தடவை நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக்கூடாது. கார் கோணுற மாதிரித் தெரிஞ்சாலும் திருப்பாத. அதுவே நேராயிரும். காலைல நீ லேசாத் திருப்புன."

"அதனாலயா கவுந்துது?"

"இல்ல, காத்தாலதான். ஆனா இப்ப உன் மேல பழி போட ஆள் வேணும்."

அவர்கள் கன்னத்தோடு கன்னம் ஒட்டினாற்போல இருந்தார்கள். அவன் உடம்பு வெயிலில் வைத்த காகிதம் போல லேசாகச் சூடாக இருந்தது. தூரத்தில் டெல்மர் கையை உயர்த்தினான். ரெய்னோ விசையை அழுத்தினான்.

முதலில் சத்தம்தான் வந்தது. பெரிய குளவி ஒன்று கோபத்தோடு கிளம்புகிற மாதிரி. பிறகு நீலப் புள்ளி. அது வளர்வதற்கு முன்பே பக்கத்தில் வந்துவிட்டது. ஜன்னலுக்கு நேரே, காலையில் மூக்கைத் தூக்கிய அதே இடத்தில், லெம்பிக்குக் கை துடித்தது. திருப்பவில்லை. கார் தரையோடு ஒட்டிக்கொண்டு, ஐஸ்கிரீம் மூடி தாரை உரசும் மெல்லிய சீறலோடு, வரைகோல் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போயிற்று. ரெய்னோ விசையை விடவில்லை. அது வெள்ளைக் காரை நெருங்கும்வரை விடவில்லை. ஜோலீன் துள்ளி ஒதுங்குவது தெரிந்தது. அப்புறம்தான் விட்டான். கார் மெதுவாகி, நாய்க்குட்டி மாதிரி அவள் காலடியில் போய் நின்றது.

லெம்பிக்கு வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று அவளுக்கே தெரியாது. தம்பியின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள்.

காருக்குள் கட்டைவிரல் அளவு ஒரு வேகமானி ஒட்டியிருந்தது. எட்டிய உச்ச வேகத்தை அது காட்டும். ஓட்டம் முடிந்துவிட்டதால் டெல்மர் இப்போது காரைத் தொடலாம். மறுமுனைவரை நடந்துபோய் அதைக் கையிலேந்தி, குழந்தையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தான். வாசலில் ஜோலீனும் வந்து நின்றாள். டெல்மர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான்.

"தொண்ணூத்தெட்டு," என்றான்.

ஜோலீன் அவனை ஒரு பார்வை பார்த்தாள். லெம்பிக்கு அந்த இடத்திலேயே அவனுடைய தாடியைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. சாகப்போகிறவன் முன்னால் ஒரு எண்ணை மாற்றிச் சொன்னால் குடியா முழுகிவிடும்? நூறு என்றால் என்ன, நூற்றொன்று என்றால் என்ன, யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்?

ரெய்னோ சிரிக்க ஆரம்பித்தான். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"ரெண்டு மைல்ல தோத்துட்டேனாடா?"

"தோத்துட்ட. ஆனா இப்படி நேராப் போனதை நான் பாத்ததில்லடா. சத்தியமா."

"நூறுன்னு சொல்லியிருப்பான் வேற எவனா இருந்தாலும்," என்றான் ரெய்னோ, லெம்பியைப் பார்த்து. "மார்ச்சுல இருந்து எல்லாரும் எனக்கு நல்ல நல்ல நம்பராச் சொல்றீங்க. இவன் ஒருத்தன்தான் உள்ளதைச் சொன்னான்."

ஜோலீன் கிளம்பிப் போனாள். போகும்போது லெம்பியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். டெல்மர் சாலையிலிருந்து டிரக்கை எடுக்கப் போனான். வீட்டில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"அக்கா. இன்னைக்குத்தானா?"

அவளுக்கு வாயில் கிறிஸ்துமஸ் வந்தது. பல் மருத்துவமனையில் எத்தனை பேருக்கு வலிக்காது, வலிக்காது என்று சொல்லியிருப்பாள். அதை விழுங்கினாள்.

"அப்படித்தான் தோணுதுடா. ஜோலீன் இன்னைக்கோ நாளைக்கோன்னா."

"ம்." அவன் கண்ணை மூடிக்கொண்டான். முகத்தில் ஏதோ இறுக்கம் தளர்ந்தது. "நல்லவேளை, காலைல ஓட்டினோம்."

"மதியம்டா."

"ஆமா, மதியம்."

டெல்மர் திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். காரை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அந்த இரண்டு மைல் எங்கே போயிற்று என்று ஆராயத் தொடங்கினான். ரெய்னோ முதலில் பதில் சொன்னான். பிறகு ம் கொட்டினான். பிறகு புருவத்தை மட்டும் அசைத்தான். வெயில் ஏரியின் மறுகரைக்குப் போயிருந்தது. லெம்பி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டயர்தான் காரணம் என்றான் டெல்மர். அந்த வேகத்தில் ரப்பர் உப்பி நடுவில் மட்டும் தரையைத் தொடுகிறது, பிடிப்பு போய்விடுகிறது. உள்ளே பட்டை வைத்த டயர் போட்டிருந்தால்…

லெம்பியின் உள்ளங்கைக்குள் இருந்த கை கனத்தது. அவன் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. டெல்மரும் பார்த்துவிட்டான். பேச்சை அப்படியே நிறுத்தினான்.

"பட்டை வச்ச டயர் போட்டிருந்தா?" என்று கேட்டாள் லெம்பி.

டெல்மர் அவளைப் பார்த்தான்.

"சொல்லி முடி, டெல்மர். பாதில விட்டா அவனுக்குப் பிடிக்காது."

டெல்மர் மடியில் இருந்த காரை நிமிர்த்தி வைத்தான். பட்டை வைத்த டயர் போட்டிருந்தால் ரெண்டு என்ன, அஞ்சு மைல்கூட ஏறியிருக்கும் என்று, கட்டிலைப் பார்த்தே சொல்லி முடித்தான். அதன் பிறகு எழுந்து போய், நெடுநேரம் முகம் கழுவினான்.

அடக்கம் செவ்வாய்க்கிழமை. பிரார்த்தனைக்கு முன்னால் சர்ச்சின் முன்கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். ரெய்னோ தன்னுடைய ஒரே கோட்டில் படுத்திருந்தான். ஆட்கள் வருவதற்கு முன்பே டெல்மர் வந்துவிட்டான், தாடியைச் சீவி, டை கட்டி. கோட்டுப் பைக்குள் கை விட்டபடி நின்றான். தொப்பியைக் கொண்டுவந்திருக்கிறான் என்று லெம்பிக்குத் தெரிந்தது. ஆனால் எடுக்கமாட்டேன் என்கிறான்.

"வேண்டாம் அக்கா," என்றான். "அது ஏதோ குடிச்சிட்டுப் பேசுனது. விட்டுருவோம்."

"அவன் தோத்தான்ல?"

"ரெண்டு மைல்தானே."

"ரெண்டு மைல்னாலும் தோத்ததுதான். எடு."

அவன் எடுத்தான். புத்தம் புதிது, விலைச்சீட்டின் நூல்கூட அறுபடவில்லை. அவன் கை மேலே போகவில்லை. லெம்பியே வாங்கி, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, தம்பியின் தலையை லேசாகத் தூக்கி மாட்டினாள். நோயில் தலையும் சிறுத்திருந்தது. தொப்பி கண்ணை மறைத்தது. பின்னால் இருந்த வாரை இறுக்கி, விளிம்பைச் சற்று மேலே தள்ளினாள். இப்போது ஏதோ ஏமாற்று வேலை செய்துவிட்டுத் தூங்குகிறவன் மாதிரி இருந்தான்.

வந்தவர்கள் தலைகுனிந்து வந்தார்கள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவனுடைய பேருந்தில் பள்ளிக்குப் போன ஒருத்தன், இப்போது வழுக்கைத் தலை, "யாரு இந்த அநியாயத்தைப் பண்ணுனது?" என்று கேட்டான். லெம்பி நிமிர்ந்து நின்று பந்தயக் கதையைச் சொன்னாள். அடுத்தவருக்கும் சொன்னாள். அதற்கடுத்தவருக்குச் சொல்லும்போது ஐஸ்கிரீம் மூடியையும் சேர்த்துக்கொண்டாள். பாஸ்டர் கிரெட்டா அங்கி சரசரக்க வந்து பெட்டிக்குள் பார்த்தார்.

"கடவுள் உடனே மன்னிச்சிருவாரு," என்றார். "எனக்குத்தான் கொஞ்ச நாளாகும்."

பிரார்த்தனை முடிந்தது. கீழ்த்தளத்தில் பெண்கள் பன்றி இறைச்சி வைத்த பன்களையும் காப்பியையும் தயார் செய்துகொண்டிருந்த வாசனை படியேறி வந்தது. கல்லறைக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் சாப்பாடு. கல்லறை ஏரியின் அடுத்த முனையில். சவ வண்டியில் முன் இருக்கையில் லெம்பி ஏறிக்கொண்டாள். வண்டியை ஓட்டியவர் ஓடிகார்ட். தன் அப்பா காலத்திலிருந்து அந்த ஊரின் சாவுகளையெல்லாம் பார்ப்பவர். நரைத்த மீசை, கறுப்புக் கையுறை, பேச்சு குறைவு. பின்னால் டெல்மரின் டிரக், பாஸ்டரின் கார், அதற்கப்பால் விளக்கெரித்த கார்களின் வரிசை சர்ச் திருப்பம் வரை நின்றது.

வண்டி நடக்கிற வேகத்தில் போயிற்று. வீட்டைத் தாண்டியது. ஜன்னலில் கொசுவலையை இன்னும் மாட்டவில்லை. அதற்கு அப்பாலும் புதுத் தார் நீண்டு கிடந்தது, வளைவே இல்லாமல், இருபுறமும் மஞ்சள் பிர்ச் மரங்களோடு. எதிரே ஒரு வண்டியும் இல்லை.

லெம்பி கைப்பையைத் திறந்தாள். மூடினாள்.

"ஓடிகார்ட், கொஞ்சம் வேகமாப் போலாமா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "வழக்கமில்லீங்கம்மா."

"தெரியும்."

அவர் கண்ணாடியில் பின்னால் வரும் வரிசையைப் பார்த்தார். முன்னால் இருந்த சாலையைப் பார்த்தார். மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். அவரும் சின்ன வயதில் ரெய்னோவின் அப்பாவோடு மீன் பிடித்தவர். கையுறை போட்ட விரல்கள் ஸ்டியரிங்கை இறுக்கின. காலை அழுத்தினார்.

நீளமான கறுப்பு வண்டி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கிளம்பியது. முள் நாற்பதைத் தாண்டி, ஐம்பதைத் தாண்டி ஏறியது. பின்னால் டெல்மரின் டிரக் ஒரு கணம் திகைத்து, பிறகு முகத்தை நீட்டிக்கொண்டு துரத்தி வந்தது. அதற்குப் பின்னால் பாஸ்டர். அதற்குப் பின்னால் ஊர். சாலையில் உதிர்ந்து கிடந்த மஞ்சள் இலைகள் சக்கரங்களுக்குப் பின்னால் எழும்பிச் சுழன்றன. அவற்றுக்குள்ளே புகுந்து புகுந்து ஒவ்வொரு ஜோடி விளக்காக வெளியே வந்துகொண்டிருந்தது.